சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளை

துப்பாக்கி வெடித்த மறுநொடி தோட்டாவில் மிஞ்சுவது ஒன்றே ஒன்றுதான். குண்டு குழலை விட்டுப் போய்விட்டது. மருந்து எரிந்து புகையாகிவிட்டது. பின்பக்கத்தில் பொட்டு மாதிரி பதிந்திருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் ஒரே அடியில் தன் வேலையை முடித்துவிட்டது. போல்ட்டைப் பின்னுக்கு இழுத்ததும் டிங்கென்று வந்து விழுகிறதே, அந்தப் பித்தளைக் கூடு மட்டும்தான் பாக்கி. செய்தித்தாள்களில் காலித் தோட்டா என்று எழுதுவது இதைத்தான்.

அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தில் நான் சில வருஷம் குடியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குப் போவார். மலையில் சுட்ட இடத்தில் புல்லைத் துழாவியாவது காலிக் கூட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் அடுத்த அடி வைப்பார். பனி கொட்டும் மாதங்களில் கார் ஷெட்டில் உட்கார்ந்து அவற்றைத் துடைத்து, அளந்து, புதுப் பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து அடுத்த வருஷத்துக்குத் தயார் செய்வார். ரீலோடிங் என்று பெயர். அங்கே சட்டம் அனுமதிக்கிற, மூன்று தலைமுறையாகப் பழகிய வீட்டுத் தொழில் அது.

இந்தியாவில் நிலைமை வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்திருக்கிறது; 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அதனால் மருந்தின் அளவு, நிரப்பும் முறை எதையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. நான் பேச வந்தது அந்தக் கூட்டைப் பற்றி. தோட்டாவின் பாகங்களில் மறுபடியும் மறுபடியும் உழைக்கச் சொல்லி நாம் கேட்பது அதை மட்டும்தான். அதை எந்த உலோகத்தில் செய்ய வேண்டும் என்ற கேள்விக்குள் ஒரு நூற்றைம்பது வருஷ அனுபவம் அடங்கியிருக்கிறது.

கூட்டின் வேலை மருந்தை வைத்திருப்பது என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். அது பாதி வேலை. மீதிப் பாதி, வெடிக்கும்போது நடக்கிறது. அமெரிக்க வேட்டைக்காரர்களின் பழைய நண்பனான 30-06 ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 32 பவுண்டு. டயரைப் போல ஏறக்குறைய 1,900 மடங்கு அழுத்தம், ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் ஏறி இறங்கிவிடும். அந்த நேரத்தில் கூட்டின் மெல்லிய சுவர் வெளியே உப்பி, துப்பாக்கி அறையின் எஃகுச் சுவரோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் வாயு பின்பக்கம் கசிந்து சுடுபவர் முகத்தில் அடிக்காமல் அடைத்து நிற்பது அந்த ஒட்டுதல்தான்.

அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால் அடுத்த தோட்டாவைப் போட முடியாது. அழுத்தம் இறங்கியதும் கூடு சுருங்கி அறையை விட்டு விலக வேண்டும். உப்பவும் வேண்டும், உப்பியதிலிருந்து மீளவும் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்கிற உலோகம் எது என்பதுதான் கேள்வி.

ஓர் உலோகம் எவ்வளவு தூரம் மீளும் என்பதை இரண்டு எண்களைக் கொண்டு கணிக்கலாம். நிரந்தரமாக வளைந்துபோகும் முன் அது எவ்வளவு பலத்தைத் தாங்கும் என்பது ஒன்று. அதன் விறைப்பு எவ்வளவு என்பது இன்னொன்று. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் மீளும் அளவு கிடைக்கும். அடித்து இறுக்கிய பித்தளைக்கு அது நூற்றுக்குச் சுமார் 0.4. கூடு செய்யப் பயன்படும் மென் எஃகின் விறைப்பு பித்தளையைப் போல இரண்டு மடங்கு. அதன் மீளும் அளவு 0.2கூட வராது. 30-06 கூட்டின் குறுக்களவு அடிப்பக்கத்தில் சுமார் 12 மில்லிமீட்டர். பித்தளையானால் அறைச் சுவரிலிருந்து மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு விலகும். எஃகானால் ஐம்பதில் ஒரு பங்குதான். ஒரு தலைமுடியின் கனத்துக்கும் குறைவான இந்த வித்தியாசத்தில்தான், கூடு சுலபமாக வழுக்கி வருகிறதா, இழுத்துப் பிடுங்க வேண்டியிருக்கிறதா என்பது முடிவாகிறது.

இந்தக் கணக்கு தெரிவதற்கு முன்னால் படைவீரர்கள் விலை கொடுத்தார்கள். 1876 ஜூன் 25 அன்று மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் அமெரிக்கப் படை அதிகாரி கஸ்டரின் குதிரைப்படை லகோட்டா, ஷையன் பழங்குடி வீரர்களிடம் தோற்றது. படைவீரர்கள் கையில் இருந்த கார்பைன் என்ற குட்டை ரைஃபிள்களின் தோட்டாக் கூடுகள் செம்பு. செம்பு மிருதுவானது, உப்பும், திரும்பாது. கூடுகள் அறைக்குள் சிக்கிக்கொண்டதால்தான் தோல்வி என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 1983இல் அங்கே ஒரு புல்தீ பரவி நிலத்தை வெறுமையாக்கியது. அடுத்த வருஷம் தொல்லியலாளர்கள் தேடியபோது கத்தியால் நெம்பி எடுத்த கீறல் உள்ள கூடுகள் சிலவே கிடைத்தன. தோல்விக்கு அது காரணமில்லை என்பதே என் எண்ணமும். ஆனாலும் அந்தச் சில கூடுகளை மனக்கண்ணில் பார்க்கிறேன். எதிரி நெருங்கி வரும்போது சிக்கிய செம்பைக் கத்திமுனையால் நெம்பிக்கொண்டிருந்தவனுக்கு, அந்த நிமிஷத்தில் உலோகம்தானே விதி.

பிரிட்டிஷாருக்கும் இதே அனுபவம். மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிக்கு அவர்கள் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிக் கூடு செய்திருந்தார்கள். 1885 ஜனவரியில் சூடானின் அபு கிளியா போரில் சூடும் மணலும் சேர்ந்து அவை சிக்கிச் சிக்கி நின்றன. பித்தளை சரியானதுதான், செய்த விதம் தவறு. அதன்பின் ஒரே துண்டிலிருந்து இழுத்து உருவாக்கிய கூடு எல்லாப் படைகளிலும் நிலைத்தது.

அந்தப் பித்தளை 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்தது. அதற்குத் தோட்டாப் பித்தளை என்றே உலகம் முழுக்கப் பெயர். துத்தநாகம் ஏற ஏறப் பித்தளை பலமாகிறது. 30 பங்கை ஒட்டி அதன் இழுபடும் தன்மை உச்சத்தைத் தொடுகிறது. 37, 38 பங்கைத் தாண்டினால் உள்ளே வேறொரு கடினமான படிகம் தோன்றிவிடும். அப்போது குளிர்ந்த நிலையில் இழுத்தால் கிழியும். ஒரு தட்டையான வில்லையை முதலில் கிண்ணமாக்கி, கிண்ணத்தை இழுத்து இழுத்து விரல் நீளக் குழாயாக்க வேண்டும். அதற்கு இந்தக் கலவைதான் ஒத்துழைக்கும்.

பித்தளைக் குடம் தட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடப்பது புரியும். சுத்தியால் அடிக்க அடிக்கத் தகடு விறைத்துப்போகும். அதற்கு மேலும் அடித்தால் விரிசல் விடும். உடனே உலையில் காட்டிப் பழுக்கவைத்து ஆறவிடுவார்கள். தகடு மறுபடி இளகி அடிக்கு வளையும். தோட்டாத் தொழிற்சாலையிலும் இதுவேதான். ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே ஒரு சூடு. கடைசியில் அடிப்பக்கத்தைப் பெரிய அச்சால் ஓங்கி அழுத்தி வேண்டுமென்றே விறைப்பாக்குகிறார்கள், கழுத்தை மட்டும் சூடு காட்டி இளக்குகிறார்கள். ஆக, ஒரே கூட்டுக்குள் இரண்டு குணம்: பிரைமரைப் பிடித்திருக்கும் அடி கடினம், குண்டைப் பிடித்திருக்கும் கழுத்து மென்மை. ராணுவக் கூடுகளில் கழுத்தைச் சுற்றி நீலமும் ஊதாவும் கலந்த ஒரு நிழல் தெரியும். புதிதாகப் பார்ப்பவர்கள் தீய்ந்துபோனது என்று ஒதுக்குவார்கள். அது அந்தச் சூட்டின் தடம். கடைக்கு வரும் கூடுகளில் மெருகேற்றித் துடைத்துவிடுவார்கள். ராணுவத்தில் அப்படியே விட்டுவிடுவார்கள்.

இங்கே நம் மண்ணோடு தொடர்புள்ள ஒரு கதை உண்டு. உலோகவியல் படிக்கிற மாணவர்கள் எந்த நாட்டில் படித்தாலும் அதைக் கேட்காமல் தேற மாட்டார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் இந்தியாவில் இருந்த படைகள் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருப்பது வழக்கம். மழை ஓய்ந்து பெட்டியைத் திறந்தால் கூடுகளில் விரிசல். யாரும் சுடவில்லை, தட்டவில்லை, கீழே போடவில்லை. சும்மா கிடந்தபடியே பிளந்திருந்தன. மழைப் பருவத்தில் வந்ததால் பருவ விரிசல் என்று பெயர் வைத்தார்கள். காரணம் பல காலம் பிடிபடவில்லை. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, மழைக்காலத்து ஈரக் காற்றில் கலந்து பித்தளையின் மேல் படிகிறது. செம்பைக் கரைக்கும் சக்தி அம்மோனியாவுக்கு உண்டு. இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் அடைபட்டுப்போன இறுக்கம் ஒன்று ஏற்கெனவே உள்ளே காத்திருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் படிகங்களின் எல்லை வழியே விரிசல் ஓடுகிறது.

தனியாக அம்மோனியா மட்டும் இருந்தால் மேலே கறுக்கும், அவ்வளவுதான். தனியாக இறுக்கம் மட்டும் இருந்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். தீர்வும் அதிலிருந்தே வந்தது. கூட்டை 250, 300 டிகிரி அளவில் சற்று நேரம் சூடுபடுத்தினால் கடினம் குறையாமலே உள்ளிறுக்கம் தளர்ந்துவிடும். இன்று விமானத்திலும் அணு உலையிலும் உலோகம் ஏன் திடீரென்று பிளக்கிறது என்று ஆராய்கிறவர்கள் முதல் பாடமாக எடுத்துக்கொள்வது இந்த இந்திய லாயத்துத் தோட்டாக்களைத்தான். அந்த மழையும் அந்த லாயமும் நம்முடையவை. அறிவியல் நூல்களில் அவை இடம்பிடித்திருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

வேட்டைக்காரருக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. கூட்டைப் பளபளப்பாக்க அம்மோனியா கலந்த மெருகுத் திரவத்தைத் தொடக்கூடாது. பெரியவர் அதை ஒரு தடவை செய்துபார்த்து, ஒரு டப்பா கூடுகளைக் குப்பையில் போட்டவர். பிறகு நொறுக்கிய வால்நட் கொட்டை ஓட்டில் போட்டு உருட்டினார். இல்லையென்றால் தண்ணீரில் சிட்ரிக் அமிலம் துளி கலந்து அலசினார். நான் அவரிடம் எங்கள் வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்போம் என்றேன். அவர் கண் விரிந்தது. புளியில் இருப்பதும் அமிலம், எலுமிச்சையில் இருப்பதும் அமிலம். கறுப்பைக் கரைத்துவிட்டு உலோகத்தை விட்டுவிடும். நேரம் கூடினால் மட்டும் ஆபத்து. புளித்தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறிய பாத்திரம் காலையில் செம்பு மாதிரி சிவந்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். துத்தநாகம் வெளியேறிவிட்டது என்று அர்த்தம். பூஜைப் பாத்திரத்துக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. தோட்டாக் கூட்டுக்கு அது பலவீனம்.

பித்தளையைத் தவிர வேறு எதுவும் கூடாதா என்றால், கூடும். எதற்கு என்பதைப் பொறுத்தது. போர்க்காலத்தில் செம்பு தட்டுப்பாடு வரும்போதெல்லாம் எஃகுக் கூடு வரும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி அரக்குப் பூசிய எஃகுக் கூடுகளைப் பெருமளவில் செய்தது. அமெரிக்காவில் இந்தியானா மாநிலம் எவன்ஸ்வில்லில், கார் செய்கிற கிரைஸ்லர் நிறுவனம் கைத்துப்பாக்கித் தோட்டாவை எஃகுக் கூட்டில் நூறு கோடிக் கணக்கில் செய்து தள்ளியது. பின்னாளில் ரஷ்யத் தொழிற்சாலைகளின் மலிவு எஃகுத் தோட்டாக்கள் அமெரிக்கச் சந்தையில் மலிந்து கிடந்தன. 2021இல் அமெரிக்க அரசு தடை போட்ட பிறகு புது வரவுக்கு வழி அடைபட்டது. ஒரு தடவை சுட்டுவிட்டுப் போட்டுவிடுவதற்கு அவை குறையில்லாதவை. மறுபடி நிரப்பத்தான் உதவாது. எஃகு விறைப்பு அதிகம், அச்சில் திரும்ப அழுத்தினால் எளிதில் மடங்காது. மேல்பூச்சு உரிந்தால் துரு. பித்தளைக் குவியலில் எஃகு கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு காந்தம் போதும்.

பெரும்பாலான எஃகுக் கூடுகளில் இன்னொரு தடை, பிரைமர் உட்காரும் குழி. காலிக் கூட்டின் வாய் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நடுவே ஒரே ஓட்டை தெரிந்தால் அது பாக்ஸர் வகை; ஒரு கம்பியை விட்டுத் தட்டினால் பழைய பிரைமர் வெளியே வந்துவிடும். நடுவில் ஒரு மேடும் அதன் பக்கங்களில் இரண்டு குட்டி ஓட்டைகளும் தெரிந்தால் பெர்டன் வகை. கம்பி போக வழியில்லை, மறுநிரப்பல் பெரிய பாடு. பாக்ஸர் ஆங்கிலேயப் படை அதிகாரி, பெர்டன் அமெரிக்கர். ஆனால் பாக்ஸரின் குழி அமெரிக்காவின் வழக்கமாகிவிட்டது, பெர்டனின் குழி ஐரோப்பாவில் குடியேறிவிட்டது. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு ரீலோடிங் வேரூன்றியதற்கு அந்த ஒற்றை ஓட்டைக்கும் பங்குண்டு என்பது என் நம்பிக்கை.

அலுமினியம் கணக்குப்படி பித்தளையைவிட நன்றாக மீளக்கூடியது, எடையும் மூன்றில் ஒரு பங்கு. பின் ஏன் ரைஃபிளுக்கு வரவில்லை? 1970களில் பிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ஃபர்டு படைக்கலச் சாலை இதைத்தான் ஆராய்ந்தது. கூட்டில் ஊசிமுனை அளவு விரிசல் இருந்து வாயு கசிந்தால், பித்தளை தாக்குப்பிடிக்கும். அலுமினியம் அந்த இடத்தில் உருகி எரியவே தொடங்கிவிடும், துப்பாக்கியின் எஃகையும் அரித்துவிடும். அதனால் அழுத்தம் குறைந்த கைத்துப்பாக்கித் தோட்டாக்களோடு அது நின்றுவிட்டது. அவற்றின் பெட்டியிலேயே மறுபடி நிரப்பாதீர்கள் என்று அச்சிட்டிருப்பார்கள்.

நிக்கல் பூசிய பித்தளையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வேட்டைக்காரர்களை இது ஈர்க்கிறது. வெள்ளி போல மின்னும், அறைக்குள் வழுக்கிப் போகும், மழையிலும் வியர்வையிலும் கறுக்காது. தோல் பெல்ட்டின் வளையங்களில் தோட்டாவைச் செருகிவைப்பவர்களுக்கு ஒரு தொல்லை தெரியும்: பதனிட்ட தோலில் உள்ள அமிலம் பித்தளையில் பச்சைக் களிம்பை ஏற்றிவிடும். நிக்கலுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆபத்தான விலங்குகள் உள்ள காட்டில், சிக்காமல் வெளியே வர வேண்டும் என்பதே முதல் கவலையாக இருக்கும்போது நிக்கல் நல்ல தேர்வுதான். ஆனால் பூச்சு கடினம், அடியில் உள்ள பித்தளை மென்மை. கழுத்தை நாலைந்து தடவை அழுத்தி விரித்ததும் பூச்சு செதிலாக உரியத் தொடங்கும். அந்தச் செதில் அச்சைக் கீறும், கழுத்தும் வெறும் பித்தளையைவிடச் சீக்கிரம் பிளக்கும். ஒரு வேட்டைப் பருவத்துக்கு நிக்கல், பல வருஷத்துக்கு வெறும் பித்தளை என்று நான் பிரித்துவைப்பேன்.

புதிதாக வந்தவற்றில் இரண்டைச் சொல்லலாம். எஃகு அடியும் பிளாஸ்டிக் உடலும் கொண்ட கூட்டை டெக்ஸாஸில் ஒரு நிறுவனம் உருவாக்கியது. சுமக்கும் எடை குறையும் என்பது படைக்கு லாபம், மறுபடி நிரப்ப ஏற்றதல்ல. 2022இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த புது ரைஃபிளுக்காக சிக் சாவர் நிறுவனம் உருவாக்கிய கூட்டில் அடி துருவேறா எஃகு, உடல் பித்தளை. அதன் வேட்டை வடிவமான .277 ஃபியூரியின் உச்ச அழுத்தம் 80,000 பவுண்டு. முழுப் பித்தளை அடி அதைத் தாங்காது. கவனித்தீர்களா, அங்கேகூட அறைச் சுவரோடு ஒட்டி மீளும் உடல் பகுதிக்குப் பித்தளையைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பித்தளை என்று முடிவானால் அடுத்தது எந்தப் பித்தளை என்பது. ஃபின்லாந்தின் லாபுவா ஊர்க் கூடுகளை ரீலோடிங் செய்பவர்கள் தங்கம் மாதிரிப் பேசுவார்கள். சுவர்க் கனமும் கழுத்துக் கனமும் ஒன்றுக்கொன்று அவ்வளவு ஒத்திருக்கும். அந்த ஊரின் தொழிற்சாலையில் 1976 ஏப்ரலில் நடந்த வெடிவிபத்தில் 40 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். அந்தப் பெயரைப் பெட்டியில் பார்க்கும்போதெல்லாம் அது என் நினைவுக்கு வரும். ஸ்வீடனின் நார்மா, அமெரிக்காவின் ஸ்டார்லைன், ஹார்னடி, வின்செஸ்டர் எல்லாமே மான் வேட்டைக்குப் போதுமான தரம். நூறு கெஜத்தில் ஒரு மானை நோக்குபவருக்கு, உயர்விலைக் கூடு தரும் நுட்பம் அவ்வளவாகத் தெரியாது. அதற்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்பேன். பெயரைவிட முக்கியம், எல்லாக் கூடும் ஒரே தயாரிப்பு, ஒரே உற்பத்தித் தொகுதி என்பது.

காரணம் இதுதான். எல்லாக் கூட்டின் வெளி அளவும் ஒன்று, ஏனென்றால் எல்லாம் ஒரே அறைக்குள் நுழைய வேண்டும். ஆகவே ஒரு கூடு எடை கூடுதலாக இருந்தால் அந்தக் கூடுதல் உலோகம் உள்பக்கத்தில்தான் இருக்கும். .308 வின்செஸ்டர் கூடுகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று மற்றதைவிட 1.3 கிராம் கனம். பித்தளையின் அடர்த்தி 8.5, எனவே உள்ளே 0.15 மில்லிலிட்டர் இடம் குறைவு. அந்தக் கூட்டின் மொத்தக் கொள்ளளவே 3.6 மில்லிலிட்டர்தான். நூற்றுக்கு நான்கு பங்கு இடம் போய்விட்டது. அதே மருந்து, சின்ன அறை, அழுத்தம் ஏறும். ராணுவக் கூடுகள் பொதுவாக இப்படிக் கனமானவை. துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தில் பொறுக்கியவற்றைக் கடைக் கூடுகளோடு கலந்துவிட்டால் ஒரு வேட்டு ஒருவிதமாகவும் அடுத்தது வேறுவிதமாகவும் போகும். சில நேரம் ஆபத்தாகவும் முடியும்.

பழைய சரக்கில் இன்னொரு ஆபத்து பாதரசம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல கம்பெனிகளின் பிரைமர்களில் பாதரசச் சேர்மம் இருந்தது. சுடும்போது வெளிப்படும் பாதரசம் பித்தளைக்குள் ஊறி அதை மண் ஓடு போல நொறுங்கவைக்கும். வெளியே பார்த்தால் எந்த அடையாளமும் இருக்காது. தாத்தா காலத்துப் பெட்டி என்று யாராவது கொடுத்தால், அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம், நிரப்பக் கூடாது.

நல்ல கூட்டுக்கும் ஆயுள் உண்டு. ஒவ்வொரு முறையும் கழுத்து உப்பும், அச்சில் சுருங்கும், குண்டுக்காக மறுபடி விரியும். குடம் தட்டும் கதைதான்; விறைத்து விறைத்து ஒருநாள் நீளவாக்கில் பிளக்கும். நாலைந்து நிரப்பலுக்கு ஒருமுறை கழுத்துக்கு மட்டும் சூடு காட்டினால் ஆயுள் நீளும். இங்கே கைநிதானம் வேண்டும். பித்தளை சூட்டை வேகமாகக் கடத்தும். கழுத்தில் காட்டிய சூடு அடிவரை இறங்கிவிட்டால், தொழிற்சாலையில் பாடுபட்டு ஏற்றிய கடினம் போய்விடும். அடி இளகிய கூடு அறுபதாயிரம் பவுண்டை எதிர்கொண்டால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. அதற்காகவே பழைய ஆட்கள் தட்டில் தண்ணீர் விட்டு, கூடுகளைக் கழுத்து மட்டும் வெளியே தெரிய நிறுத்திச் சூடு காட்டினார்கள். எஃகைப் போலச் சட்டென்று குளிர்வித்தால் கடினமாகும் குணம் பித்தளைக்கு இல்லை. தானாக ஆறினாலும் தண்ணீரில் போட்டாலும் ஒன்றுதான்.

கழுத்துப் பிளவு கண்ணுக்குத் தெரியும், அதனால் பயமில்லை. பயப்பட வேண்டியது அடியில் நடப்பதற்கு. ஒவ்வொரு வெடிப்பிலும் உலோகம் முன்னோக்கி நகர்ந்து கழுத்து நீளுகிறது. நீளத்தை வெட்டிச் சரிசெய்கிறோம். அந்த உலோகம் எங்கிருந்து வந்தது? அடித் தடிப்புக்குச் சற்று மேலே இருந்து. அங்கே சுவர் உள்பக்கமாக மெலிந்துகொண்டே போகிறது. வெளியே ஒரு மங்கலான வெளிர்க் கோடு வளையமாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம்.

பெரியவர் இதற்கு வைத்திருந்த கருவி ஒரு காகித கிளிப். நிமிர்த்தி, நுனியை ஒரு மில்லிமீட்டருக்குக் கொக்கியாக வளைத்து, கூர் தீட்டி வைத்திருந்தார். கூட்டின் வாய்க்குள் விட்டு, அடியைத் தொட்டு, சுவரோடு உரசிக்கொண்டே மெல்ல மேலே இழுக்க வேண்டும். நல்ல கூட்டில் நுனி வழுக்கிக்கொண்டே வரும். ஒருநாள் என் கையில் கொடுத்தார். ஒன்பதாவது தடவை நிரப்பக் காத்திருந்த கூடு. வெளியே புதுக்கருக்கு அழியாமல் பளபளத்தது. அடியிலிருந்து எட்டு மில்லிமீட்டர் ஏறியதும் நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து நின்றது. விரலில் அது தெளிவாகத் தெரிந்தது, பல் சொத்தையில் நாக்கு விழுகிற மாதிரி. கூட்டைச் சுற்றி எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே உயரத்தில் அதே பள்ளம்.

அவர் அதை வாங்கிக் குறட்டில் வைத்து வாய்ப்பக்கத்தை நசுக்கினார். யாரும் தவறி எடுத்து நிரப்பிவிடக் கூடாது என்பதற்காக. பிறகு அந்தப் பெட்டியில் இருந்த மற்ற பத்தொன்பதையும் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். எல்லாம் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே எண்ணிக்கை சுட்டவை. கிளிப்பை என்னிடமே கொடுத்துவிட்டு, பழைய பித்தளை எடைக்குப் போடும் வாளியைக் காலால் என் பக்கம் நகர்த்தினார்.